120 வருடப் பழைய காரை வீடு: வாங்கும் முன் என்ன பார்ப்பது, வாங்கியபின் எதை முதலில் தொடுவது?

ஓட்டுவீடு கேட்டது:

வணக்கம். விலைக்கு வந்திருக்கும் ஒரு பழைய வீட்டின் விவரம் கீழே. விஷயம் தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

செங்கல் சுவர், 45 செ.மீ. தடிமன், சுண்ணாம்புக் காரையில் கட்டியது. மாடித் தளம் மர உத்திரமும் பலகையும். கூரை கைமரம், ரீப்பர், சுட்ட ஓடு. வெளிச்சுவரில் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்துக்கு இருபது வருடத்துக்கு முன் சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். அதே சுவரின் உட்புறம் 1.3 மீட்டர் வரை ஓதம் ஏறி, பழுப்புப் பட்டையும் வெள்ளை உப்பும் தெரிகிறது. வெளியே முற்றம் முழுக்க கான்கிரீட். அதன் மட்டம் வீட்டுத் தரையைவிட நாலு விரல் உயரம்.

விரிசல் இரண்டு. ஒரு ஜன்னலின் மூலையிலிருந்து சாய்வாக 3 மி.மீ. ஒன்று. வீட்டின் பின்மூலையில் செங்குத்தாக இன்னொன்று, கீழே நூல்போல, மேலே 8 மி.மீ. ஒரு உத்திரத்தின் முனை சுவருக்குள் போகும் இடத்தில் தட்டினால் மந்தமாகச் சத்தம் கேட்கிறது, அடியில் மாவுபோலத் தூள்.

பார்க்க வந்த ஒப்பந்ததாரர் சொன்னது மூன்று: சுவரின் அடியில் துளையிட்டு ரசாயனம் ஏற்றுவது, உட்புறம் நீர்த்தடுப்புக் கலவை சேர்த்த சிமெண்ட் பூச்சு, மரக் கூரையை எடுத்துவிட்டு கான்கிரீட் தளம். இது சரியா? சிமெண்ட் பூச்சை இப்போதே உடைத்துவிடலாமா? இந்த நிலையில் வீட்டை வாங்கலாமா?

---

நீறு பதில்:

அந்த மூன்றையும் தள்ளி வையுங்கள். மூன்றுமே பழைய சுவரைக் குறையுள்ள புதுச் சுவராக நினைத்துச் சொல்லும் வைத்தியம். காரைச் சுவர் வேலை செய்யும் விதமே வேறு. மழையிலும் மண்ணிலும் கொஞ்சம் தண்ணீர் குடிக்கும், காற்றிலும் வெயிலிலும் அதை வெளியே விட்டுவிடும். குடிப்பதைவிட விடுவது அதிகமாக இருக்கும்வரை நூற்றாண்டு கடந்தும் நிற்கும். போர்ட்லாண்ட் சிமெண்டுக்கு ஜோசப் ஆஸ்ப்டின் 1824இலேயே காப்புரிமை வாங்கிவிட்டார் என்றாலும், சாதாரண வீட்டுச் சுவரில் அது சுண்ணாம்பை விரட்டியது 20ஆம் நூற்றாண்டில்தான். உங்கள் வீட்டுச் சுவர் சுண்ணாம்பை நம்பிக் கட்டியது.

அதன்மேல் ஒரு மீட்டருக்கு சிமெண்ட் பூசியதும் நடந்ததைப் பாருங்கள். மண்ணிலிருந்து ஏறும் ஈரம் முன்பு தரையை ஒட்டிய 30, 40 செ.மீ. உயரத்திலேயே ஆவியாகிப் போயிருக்கும். இப்போது வெளிவழி அடைபட்டதால் மேலே ஏறி, சிமெண்ட் முடிந்த இடத்துக்கு மேலும் உட்புறமும் வழி தேடுகிறது. ஈரம் ஆவியாகும் கோட்டில் அது சுமந்து வந்த உப்பு தங்கும். உப்புப் படிகம் செங்கல்லின் நுண்துளைக்குள் வளர்ந்து முகத்தைப் பொடிப்பொடியாகத் தள்ளும். அந்தப் பழுப்புப் பட்டையில் கட்டைவிரலை அழுத்தி இழுத்துப் பாருங்கள். விரலில் சிவப்பு மாவு ஒட்டினால் செங்கல்லே உதிர ஆரம்பித்துவிட்டது. வெள்ளைத் தூள் மட்டும் வந்தால் சேதம் இன்னும் பூச்சோடு நிற்கிறது.

ஆனால் நீங்கள் எழுதியதில் பெரிய குற்றவாளி முற்றம். வெளித்தரை உள்தரையைவிடக் குறைந்தது 15 செ.மீ. தாழ இருக்க வேண்டும். உங்களுக்கு அது தலைகீழ். இதைச் சரிசெய்யாமல் சுவருக்கு என்ன செய்தாலும் காசு தண்ணீரில்தான் போகும். சுவரை ஒட்டி 60 செ.மீ. முதல் ஒரு மீட்டர் அகலத்துக்கு கான்கிரீட்டை வெட்டி எடுத்து மட்டத்தை இறக்குங்கள். மீதி முற்றத்துக்குச் சுவரிலிருந்து விலகும் சரிவு, 40 செ.மீ.க்கு 1 செ.மீ. வீதம், கொடுங்கள். மண்ணில் தண்ணீர் தேங்கினால் சரளை வடிகால் வேண்டும்: 30 செ.மீ. அகல வாய்க்கால், வடிதுணி விரிப்பு, துளையிட்ட குழாய், 100க்கு 1 சரிவு, மேலே கழுவிய சரளை. குழாயின் மறுமுனை எங்கே கொட்டும் என்று தெரியாமல் தோண்டவே கூடாது. வடிய இடமில்லாத வாய்க்கால் சுவரடியில் கட்டிய தொட்டி.

தோண்டும் முன் ஒரு மூலையில் 60 செ.மீ.க்கு 60 செ.மீ. குழி போட்டு அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் என்று பாருங்கள். பழைய வீடுகளில் அது அரை மீட்டருக்குள்கூட நிற்கும். வாய்க்காலின் அடி அஸ்திவாரத்தின் அடிக்குக் கீழே போகக் கூடாது. மொத்த நீளத்தையும் ஒரேயடியாகத் திறந்து வைக்காமல் ஒவ்வொரு மீட்டராகத் தோண்டி நிரப்பிக்கொண்டே போங்கள்.

ரசாயன ஊசி பற்றி. ஒரே சீரான செங்கல்லில், செங்கற்களுக்கு இடைப்பட்ட சந்துகள் காரையால் நிரம்பியிருந்தால், அது ஓரளவு வேலை செய்யலாம். 45 செ.மீ. பழைய சுவரின் நடுவயிற்றில் உடைசல் செங்கல்லும் தளர்ந்த காரையும் வெற்றிடமும் இருக்கும். திரவம் கிடைத்த ஓட்டையில் ஓடிவிடும், தொடர்ச்சியான தடுப்பு அமையாது. மேலும் சுவரில் ஏற்கெனவே இருக்கும் உப்பு எங்கும் போகாது. அதனால்தான் ஊசியோடு சேர்த்து சிமெண்ட் பூச்சையும் விற்கிறார்கள். பூச்சு சில வருடம் ஈரத்தை மறைக்கும், அதற்குள் தண்ணீர் இன்னும் மேலே ஏறி உத்திர முனைகளைத் தொட்டுவிடும்.

கையில் பிடிக்கும் ஈரமானியை வைத்து யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம். இரண்டு ஊசி வைத்த அந்தக் கருவி மின்கடத்தலை அளக்கிறது, அதன் அளவுகோல் மரத்துக்கானது. உப்புப் பிடித்த சுவர் காய்ந்திருந்தாலும் அதில் உச்சத்தைக் காட்டும். சரியான வழி, சுவரில் 10 செ.மீ., 50 செ.மீ., ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் உயரங்களில் துளையிட்டு, வரும் தூளைக் கார்பைடு குடுவையில் சோதிப்பது. ஈரம் கால்சியம் கார்பைடோடு சேர்ந்து வாயுவாகும், அதன் அழுத்தம் ஈரத்தின் அளவைச் சொல்லும். கீழே அதிகமாகவும் மேலே போகப் போகக் குறைந்தும் வந்தால் மண்ணிலிருந்து ஏறுகிறது. நடுவில் மட்டும் அதிகமென்றால் அங்கே குழாய்க் கசிவையோ உடைந்த தூம்பையோ தேடுங்கள்.

---

கைமரம் பதில்:

கூரையும் மரமும் பற்றி மட்டும் எழுதுகிறேன், சுவரை நீறு சொல்லிவிட்டார்.

கான்கிரீட் தளம் வேண்டவே வேண்டாம். 10 செ.மீ. தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 250 கிலோ. மரமும் ஓடும் சேர்ந்து பெரும்பாலும் அதில் பாதிகூட வராது. அந்த எடையைக் காரைச் சுவர் சுமந்தாலும், தளம் வெயிலில் விரிந்து இரவில் சுருங்கும்போது சுவரின் தலையை இழுத்துக்கொண்டே இருக்கும். தளத்துக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் விரிசல் அப்படித்தான் வருகிறது. நிலநடுக்கம் வரும் பகுதியென்றால் உச்சியில் வைத்த அந்த எடையே எமன்.

வாங்கும் முன் கூரைக்குள் ஏறிப் பாருங்கள். தரகர் காட்டும் வெயில் நாளில் ஒருமுறை, நல்ல மழையில் ஒருமுறை. டார்ச், கூரான குத்தூசி, தூக்குக்குண்டு இவை போதும். மரத்தில் ஊசி 2, 3 மி.மீ. மட்டும் இறங்கி நின்றால் அது திடமான மரம். வெண்ணெயில் இறங்குவது போல இறங்கினால் அங்கே மரம் இல்லை, மரத்தின் உருவம் மட்டும் இருக்கிறது. குத்த வேண்டிய இடங்கள்: சுவருக்குள் நுழையும் முனைகள், இரண்டு சரிவு சேரும் கூடுவாய்க்கு அடியில், தாழ்வாரத்துக் கைமர நுனிகள், குளியலறைக்கு மேலும் கீழும்.

உத்திரத்தடியில் இருக்கும் தூளை வெள்ளைக் காகிதத்தில் எடுத்து விரலில் தேயுங்கள். 1, 2 மி.மீ. வட்ட ஓட்டையும் வெளிர்நிறத் தூளும் வண்டின் வேலை. அந்த இடத்தைத் துடைத்துவிட்டுக் காகிதம் விரித்து வையுங்கள். சில வாரத்தில் புதுத் தூள் விழாவிட்டால் அது பழைய தாக்குதலாக இருக்கலாம், ஒரு வருடம் வரை கவனித்தபின் முடிவு செய்யுங்கள். மண்ணிலிருந்து ஏறும் கரையான் என்றால் தூளுக்குப் பதில் சுவரிலோ மரத்திலோ மண்குழல் இருக்கும். குழலில் இரண்டு விரல் நீளம் உடைத்துவிட்டு நாலைந்து நாள் கழித்துப் பாருங்கள். அடைத்திருந்தால் புற்று உயிரோடு இருக்கிறது. அடைக்காவிட்டாலும் அது வேறு வழி போயிருக்கலாம், சுற்றிலும் தேடுங்கள்.

மரத்தின் ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் அழுகல் வளராது. ஆக மருந்தைவிட மரத்தைக் காய வைப்பது முக்கியம். போரேட் உப்பு 10 விழுக்காடு கரைசலை உட்புற மரத்துக்கு இரண்டு கை (இரண்டு முறை) பூசலாம். மழை படும் மரத்தில் அது கரைந்து போய்விடும்.

மந்தமாகச் சத்தம் கேட்கும் உத்திரம் முழுக்கப் போயிருக்க வாய்ப்பு குறைவு. பெரும்பாலும் சுவருக்குள் இருக்கும் ஒரு முழமும் வெளியே கொஞ்சமும்தான். அழுகல் கண்ணுக்கு முடிகிற இடத்துக்கு அப்பால் இன்னும் 30 செ.மீ. வரை குத்திப் பார்த்து, திடமான இடத்தில் வெட்டி, அதே இன மரத்தில், அதே நார்ப் போக்கில், சாய்வெட்டு இணைப்பில் புதுத் துண்டு சேர்க்கலாம். இணைப்பு நீளமும் ஆணித் தண்டின் பருமனும் பொறியாளர் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும், தச்சர் கண்ணளவில் முடிவு செய்யக் கூடாது. திருகாணி துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். புது மரத்தின் ஈரம் பழைய மரத்தின் ஈரத்தோடு ஒத்திருக்க வேண்டும். பச்சை மரத்தைச் சேர்த்தால் சுருங்கி இணைப்பு வாய் பிளக்கும்.

முட்டுக் கொடுக்கும்போது மிக அதிகம் நடக்கும் தவறு இரண்டு. முட்டை மாடிப் பலகையில் ஊன்றுவது ஒன்று, அது கெட்டியான தரை வரை இறங்க வேண்டும். மற்றது, தொய்ந்த உத்திரத்தை ஜாக்கி வைத்து மட்டத்துக்குத் தூக்குவது. நூறு வருடத்தில் மரம் அந்த வளைவிலேயே நிலைத்துவிட்டது, மேலே இருக்கும் சுவரும் பலகையும் அதற்கேற்ப உட்கார்ந்துவிட்டன. எடை முட்டுக்கு வந்ததும் நிறுத்துங்கள். அதற்கு மேல் ஒவ்வொரு மில்லிமீட்டரும் எங்கோ ஒரு விரிசல்.

புது முனையைச் சுவருக்குள் வைக்கும்போது சிமெண்ட் போட்டு இறுக்காதீர்கள். அடியில் கெட்டியான கல் பலகை, பக்கங்களிலும் முனையிலும் 2 செ.மீ. காற்று இடைவெளி.

கூரை ஓடுகளைப் பொறுத்தவரை, ஒவ்வொன்றாக இறக்கித் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் வைத்துக்கொள்ளலாம், சொத்தென்று மந்தமாக ஒலித்தால் விரிசல் இருக்கிறது. நல்ல பழைய ஓடுகளையெல்லாம் வாசல் பக்கச் சரிவுக்குச் சேர்த்து, புது ஓடுகளைப் பின்சரிவில் போடுங்கள். இரண்டையும் கலந்து போட்டால் கூரை தேமல் பிடித்தது போல இருக்கும்.

---

தூக்குக்குண்டு பதில்:

விரிசல் பற்றி. பிரிட்டனின் கட்டட ஆய்வு நிலையம் வகுத்த அளவுகோலை உலகெங்கும் பயன்படுத்துகிறார்கள். 5 மி.மீ. வரை பெரும்பாலும் தோற்றமும் மழைக் கசிவும்தான் பிரச்சினை. 5 முதல் 15 வரை கதவு ஜன்னல் இறுகும், குழாய் உடையலாம். 15 முதல் 25 என்றால் சுவரின் பகுதிகளைப் பிரித்துக் கட்ட வேண்டிவரும். அதற்கு மேல் கட்டடம் நிலைகுலையும் ஆபத்து. அகலத்தை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது என்றாலும், பயத்துக்கும் அலட்சியத்துக்கும் நடுவில் நிற்க இது உதவும்.

உங்கள் ஜன்னல் மூலை விரிசல் என்னைக் கவலைப்படுத்தவில்லை. ஜன்னலுக்கு மேலே சுவரைத் தாங்கும் மரக்கட்டையோ வளைவோ தளர்ந்திருக்கலாம், பாருங்கள். பின்மூலைதான் முக்கியம். மேலே அகன்று கீழே நூலாக முடிகிறது என்றால் அந்த மூலை வெளிப்பக்கமாகச் சாய்ந்து இறங்குகிறது. அருகே கழிவுநீர்க் குழாய் உடைந்து மண்ணைக் கரைக்கிறதா, பெரிய மரம் நிற்கிறதா அல்லது சமீபத்தில் வெட்டப்பட்டதா, கூரைத் தண்ணீர் அந்த மூலையில் கொட்டுகிறதா என்று தேடுங்கள். கூரைக் கைமரங்களை இழுத்துப் பிடிக்கும் குறுக்கு விட்டத்தை யாராவது அறுத்து எடுத்திருந்தாலும் சுவரின் தலை வெளியே தள்ளப்படும்.

விரிசலுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே கரியும் சிலந்தி வலையும் பழைய வண்ணமும் இருந்தால் அது வெகுநாளாக இருப்பது. விளிம்பு கூராகவும் உட்புறம் புதுச் செங்கல் நிறமாகவும் இருந்தால் அது சமீபத்தில் வந்தது, இப்போதும் நகரக்கூடும்.

விரிசல் நகர்கிறதா என்று பார்க்க அதன் குறுக்கே கண்ணாடித் துண்டை ஒட்டி வைக்கும் பழக்கம் வேண்டாம். பசை விட்டுப்போனாலும் தெரியாது, உடைந்தாலும் எவ்வளவு நகர்ந்தது என்று சொல்லாது. விரிசலின் ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் ஒன்று என முக்கோணமாக மூன்று சிறு திருகாணி பதித்து, அவற்றுக்கிடையே உள்ள தூரத்தை டிஜிட்டல் காலிப்பரால் மாதம் ஒருமுறை, அதே நேரத்தில், வெப்பநிலையோடு சேர்த்துக் குறியுங்கள். மழை, வெயில், குளிர் எல்லாம் ஒரு சுற்று வர 12 மாதம் வேண்டும். போய்த் திரும்பி வரும் அசைவு பருவத்தால் வருவது. ஒரே திசையில் போய்க்கொண்டே இருப்பதுதான் நோய்.

தூக்குக்குண்டு கட்டிச் சாய்வையும் அளந்துவிடுங்கள். எடை இறங்கும் கோடு சுவர்த் தடிமனின் நடு மூன்றில் ஒரு பங்குக்குள் விழும்வரை சுவரில் இழுவிசை வராது. அதைத் தாண்டுகிறதா என்பதைப் பொறியாளர் கணக்கிடட்டும். பழைய கட்டடத்தில் பழக்கமுள்ளவரைப் பிடியுங்கள். இல்லாவிட்டால் முதல் தீர்வே இரும்பும் கான்கிரீட்டுமாக இருக்கும்.

நடுச்சுவர் வயிறு தள்ளியிருந்தால் தட்டிப் பாருங்கள். பொள்ளலாக ஒலித்தால் வெளி வரிசைச் செங்கல் உள்வயிற்றை விட்டுப் பிரிந்திருக்கிறது. விலை பேசும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

---

பூச்சுக்கரண்டி பதில்:

சிமெண்டை உடனே உடையுங்கள் என்றுதான் சொல்வேன். அது இருக்கும் ஒவ்வொரு நாளும் செங்கல் கரைகிறது.

---

நீறு பதில்:

@பூச்சுக்கரண்டி, இதில் நான் மாறுபடுகிறேன். சிமெண்ட் நன்றாகப் பிடித்திருக்கும் இடத்தில் உளி வைத்தால் செங்கல்லின் சுட்ட முகமும் சேர்ந்து வந்துவிடும். அந்த முகம்தான் கெட்டி, உள்ளே இருப்பது மென்மை. முகம் போன செங்கல்லை எந்தப் பூச்சும் பழைய நிலைக்குக் கொண்டுவராது.

முதலில் சுவர் முழுதும் சுத்தியல் கட்டையால் தட்டி, பொள்ளலாக ஒலிக்கும் இடங்களைச் சுண்ணக்கட்டியால் வட்டமிடுங்கள். ஓதம் இருக்கும் சுவரில் பாதிக்கு மேல் அப்படித்தான் இருக்கும். அந்த இடங்களில் தொடங்கி, அகன்ற தட்டை உளியைச் சுவருக்குச் சாய்வாகப் பிடித்துப் பெயர்த்தெடுங்கள். நேராகக் குத்தும் மின் சுத்தியல் கூடாது. கெட்டியாகப் பிடித்திருக்கும் இடத்தில் 30 செ.மீ. சதுரத்தில் சோதித்துப் பாருங்கள். முகம் பெயர்ந்தால் நிறுத்திவிட்டு, அந்தப் பகுதியை விட்டுவிடுங்கள். முற்றத்தை இறக்கி, சுவரின் மற்ற பகுதி காய ஆரம்பித்ததும் ஒரு வருடத்தில் அதுவும் பல இடங்களில் தானே பிடி விடும்.

---

பூச்சுக்கரண்டி பதில்:

பொள்ளல் இடங்களில் தொடங்குவது சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முற்ற வேலை தள்ளிப்போகும் என்றால் தரையை ஒட்டிய 30 செ.மீ. பட்டையையாவது எடுத்துவிடுங்கள். அங்கே ஆவியாக வழி கிடைத்தாலே மேலே ஏறுவது குறையும். கோண அரைப்பானால் (ஆங்கிள் கிரைண்டர்) நீளவாக்கில் ஒரு கோடு, பூச்சின் தடிமன் வரை மட்டும், வெட்டிக்கொண்டால் மேல் பகுதி அசையாமல் கீழ்ப் பகுதி வரும். செங்கல்லைத் தொடும் முன் நிறுத்த வேண்டும்.

---

மூலப்பிரதி பதில்:

வாங்கலாமா என்ற கேள்விக்கு. காகிதம் சுவரைவிட முக்கியம். பழைய வீட்டில் வாரிசுகள் பலர் இருப்பார்கள். ஒருவர் கையெழுத்து விடுபட்டாலும் பழுது பார்த்து முடித்தபின் வழக்கு வரும். உரிமைத் தொடர்ச்சி, எல்லை, பொதுச்சுவர், பாதை உரிமை எல்லாவற்றையும் வழக்கறிஞர் பார்க்கட்டும்.

வீடு பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியலில் இருக்கிறதா என்று உள்ளாட்சி அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். பட்டியலில் இருந்தால் எதை மாற்றவும் முன் அனுமதி தேவைப்படலாம். முன்னால் இருந்தவர் அனுமதியில்லாமல் செய்ததும் உங்கள் தலையில் விழலாம். இங்கிலாந்தில், பட்டியலிட்ட கட்டடத்தில் யாரோ செய்த மாற்றத்தைத் திருத்தச் சொல்லி இப்போதைய உரிமையாளருக்கு ஆணை வரும், அதற்குக் கால வரம்பும் இல்லை. உங்கள் நாட்டு விதி என்ன என்று ஒப்பந்தத்துக்கு முன்னே தெரிந்துகொள்ளுங்கள். காப்பீடும் அப்படியே: மரக் கூரை, பழைய மின்கம்பி இருந்தால் சில நிறுவனங்கள் ஏற்காது.

கணக்குப் போட்ட பழுதுச் செலவுக்கு மேல் இன்னும் கால் பங்காவது ஒதுக்கி வையுங்கள். பூச்சைப் பெயர்த்த பிறகுதான் உண்மையான பட்டியல் தெரியும்.

உங்கள் விவரத்தை மட்டும் வைத்துப் பார்த்தால், பின்மூலை இப்போதும் நகரவில்லை, காகிதம் சுத்தம் என்றால் வாங்கத் தகுந்த வீடு.

---

ஓட்டுவீடு கேட்டது:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். சிமெண்ட் எடுத்த இடத்தில் எந்தக் கலவை, எவ்வளவு, எப்போது பூசுவது? பூச வேண்டிய பரப்பு 20 சதுர மீட்டர் வரும். இன்னொன்று: தாழ்வாரத்தில் செதுக்குத் தூண் எட்டில் இரண்டு இல்லை, அந்த இடத்தில் இரும்புக் குழாய் நிற்கிறது. அதே மாதிரி செதுக்கி வைக்கலாமா?

---

நீறு பதில்:

எப்போது என்பதிலிருந்து வருகிறேன், அதில்தான் பொறுமை தேவை. ஈரச் சுவர் மாதத்துக்கு ஏறத்தாழ 2.5 செ.மீ. ஆழம் காயும் என்பது கைக்கணக்கு. உங்கள் 45 செ.மீ. சுவர் இரண்டு பக்கமும் திறந்திருந்தால் ஒன்பது மாதம், ஒரு பக்கம் மட்டும் என்றால் ஒன்றரை வருடம். அதுவரை செங்கல்லைத் திறந்தே விடுங்கள். மேலே பூக்கும் உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டி, முறத்தில் பிடித்து வெளியே கொட்டுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் மறுபடி உள்ளேதான் போகும். காத்திருக்க முடியாது என்றால், மெலிதான பலிப் பூச்சு ஒன்று போடலாம்: சுண்ணாம்பு குறைத்து, மணல் கூட்டி, உப்பை உறிஞ்சி உதிரட்டும் என்றே பூசுவது. இரண்டொரு வருடத்தில் அதைப் பெயர்த்து எறிந்துவிட்டு நிரந்தரப் பூச்சு.

சந்துகளில் காரை உதிர்ந்திருந்தால் முதலில் அதை நிரப்ப வேண்டும். சந்தின் அகலத்தைப் போல் இரண்டு மடங்கு, குறைந்தது 2 செ.மீ. ஆழம் சுரண்டி, தூசியை ஊதி, நனைத்து, காரையை அழுத்தித் திணியுங்கள். மேலோட்டமாகத் தடவியது ஒரு மழைக்குத் தாங்காது.

கலவை விகிதம் 1:3 என்று எல்லோரும் சொல்வார்கள், ஒரு பங்கு ஊறிய சுண்ணாம்புக் குழைவு (சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் நீற்றி ஊறவைத்த களி), மூன்று பங்கு மணல். ஏன் மூன்று என்று தெரிந்தால் விகிதத்தை நீங்களே நிர்ணயிக்கலாம். ஒரு லிட்டர் பாத்திரத்தில் நன்கு காய்ந்த மணலைத் தலைதட்டி நிரப்புங்கள். அளந்த தண்ணீரை மெதுவாக ஊற்றி, மேற்பரப்பில் பளபளப்பு தெரியும்போது நிறுத்துங்கள். எத்தனை மில்லி போனதோ அதுதான் மணலுக்குள் இருக்கும் வெற்றிடம், சுண்ணாம்பு நிரப்ப வேண்டிய இடம். 330 மில்லி போனால் 1:3. 400 போனால் 1:2.5. எல்லாத் துகளும் ஒரே பருமனான மணல் அதிகத் தண்ணீர் குடிக்கும். அதில் சுண்ணாம்பு கூடுதலாக வேண்டும், பூச்சு சுருங்கி வெடிக்கும். பெரியதும் சிறியதுமாகக் கலந்த, கூர்முனையுள்ள, உப்பில்லாத மணல்தான் தேவை.

அளவு: 20 சதுர மீட்டர், இரண்டு கை சேர்ந்து 2 செ.மீ. என்றால் 400 லிட்டர். செங்கல் பள்ளங்களுக்கும் சேதாரத்துக்கும் கால் பங்கு கூட்டினால் 500 லிட்டர். சுண்ணாம்பு வெற்றிடத்துக்குள் போய்விடுவதால் மணலே 500 லிட்டர் வேண்டும், குழைவு 165 லிட்டர். மணலையும் சுண்ணாம்பையும் கூட்டி 500 என்று கணக்குப் போட்டால் நடுவில் பற்றாக்குறை வரும்.

குழைவு தண்ணீருக்கடியில் குறைந்தது மூன்று மாதம் ஊறியிருக்க வேண்டும். சரியாக நீறாத துகள் பூச்சுக்குள் போனால், அங்கே போய் நீறி, சுவரில் அம்மைத் தழும்பு போலப் பெயர்த்துவிடும். சுட்ட சுண்ணாம்பை நீங்களே நீற்றுவதென்றால், தொட்டியில் தண்ணீரை வைத்துக்கொண்டு அதில் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். கல்லின்மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும், கண் போய்விடும். கண்ணை முழுதும் மூடும் பாதுகாப்புக் கண்ணாடியும் நீளக் கையுறையும் அணியாமல் பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது.

எப்போதும் ஈரம் படும் அடிப்பகுதிக்குச் சாதாரணக் குழைவு மெதுவாகத்தான் கெட்டியாகும். நன்றாக அரைத்த செங்கல் தூளை, மிதமான சூட்டில் வெந்த செங்கல்லாகத் தேர்ந்து, மணலில் ஒரு பங்குக்குப் பதிலாகச் சேர்க்கலாம். அது சுண்ணாம்போடு வினைபுரிந்து நீரிலும் இறுகும். அல்லது இயற்கை நீரிறுகு சுண்ணாம்பு வாங்கலாம். அதில் 2, 3.5, 5 என்று எண் இருக்கும், 28 நாளில் மெகாபாஸ்கலில் குறைந்தபட்ச அழுத்த வலிமை அது. மென்மையான பழைய செங்கல்லுக்கு 2 அல்லது 3.5 போதும். எண் கூடினால் நல்லது என்று 5ஐ எடுத்தால் சிமெண்டை நோக்கித் திரும்ப நடக்கிறோம். கொஞ்சம் சிமெண்ட் சேர்த்தால் சீக்கிரம் இறுகும் என்று கொத்தனார் சொன்னால் மறுத்துவிடுங்கள். வெல்லம், கடுக்காய் நீர் போன்றவை சேர்ப்பவர்கள் உண்டு. தெரிந்த கை செய்யட்டும், ஆனால் ஊறாத சுண்ணாம்பையும் தவறான மணலையும் அவை காப்பாற்றாது.

பூசும் முந்திய நாளும் அன்றும் சுவரை நனையுங்கள். மேலே தண்ணீர் மின்னக் கூடாது, உள்ளே தாகம் இருக்கவும் கூடாது. முதல் கை 1 செ.மீ., அது விரல் நகம் மட்டும் பதியும் அளவுக்கு இறுகியதும் ஆணிப் பலகையால் கீறிவிடுங்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்து அடுத்த கை. ஒவ்வொரு கைக்கும் ஈரச் சாக்கு தொங்கவிட்டு, வெயிலும் காற்றும் நேரே படாமல், நாளைக்கு இரண்டு மூன்று முறை பனிபோலத் தெளித்துக் குறைந்தது ஒரு வாரம் காப்பாற்ற வேண்டும். சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுத்துக் கல்லாகிறது. அதற்கு ஈரம் வேண்டும். சீக்கிரம் காய்ந்தால் கல்லாகாமல் மாவாகவே நின்றுவிடும். சுவரைத் தடவும்போது கையில் வெள்ளை ஒட்டுகிற பூச்சு பெரும்பாலும் அவசரத்தில் காய்ந்ததுதான்.

கடைசியில் சுண்ணாம்பு வெள்ளை, பால்போல நீர்க்க, நாளுக்கு ஒன்றாக நாலைந்து முறை. ஒவ்வொரு முறையும் சுவரை நனைத்துவிட்டு. கெட்டியாக இரண்டே முறை அடித்தால் பொருக்குத் தட்டி உதிரும். பிளாஸ்டிக் வண்ணம் பூசினால் இவ்வளவு செய்ததும் வீண், சுவரின் வாய் மறுபடி அடைபட்டுவிடும்.

---

கைமரம் பதில்:

தூணுக்கு: மீதி ஆறும் ஒரே அச்சில் இருந்தால் செதுக்கலாம், மாதிரி கண்முன் நிற்கிறது. பழைய கட்டடங்களைப் பேணுவதற்கான 1964இன் வெனிஸ் சாசனம் சொல்வதும் அதுதான், ஊகம் தொடங்கும் இடத்தில் மீட்டெடுப்பு நிற்க வேண்டும். ஆறும் ஆறு விதம் என்றால் காணாமல் போன இரண்டும் எப்படி இருந்தன என்று யாருக்கும் தெரியாது. அப்போது அதே உயரம், அதே பருமன், அதே இன மரத்தில் செதுக்கில்லாத எளிய தூண் வையுங்கள். எப்படியானாலும் தூணின் அடியில், கண்ணில் படாத இடத்தில், செய்த வருடத்தை உளியால் பொறித்துவிடுங்கள். பின்னால் வருபவர் எது பழசு எது புதுசு என்று குழம்பக் கூடாது.

இரும்புக் குழாயை எடுக்கும் முன் இருபுறமும் முட்டு. துருவேறிய இரும்பு முன்பைவிடப் பருத்திருக்கும், அடிக்கல்லை விரித்திருக்கும். இழுத்து எடுக்காமல் அறுத்து எடுங்கள்.

பழைய தூண்களில் அடுக்கடுக்காக வண்ணம் இருந்தால் அதில் ஈயம் இருக்கக்கூடும். அமெரிக்கா வீட்டு உபயோகத்துக்கு ஈய வண்ணத்தைத் தடை செய்ததே 1978இல்தான். உலர வைத்து உப்புத்தாள் தேய்க்காதீர்கள், நெருப்பு காட்டாதீர்கள். நனைத்துச் சுரண்டி, தூளை ஈரத் துணியில் சேர்த்துக் கட்டுங்கள், முடியும்வரை குழந்தைகள் அந்தப் பக்கம் வர வேண்டாம். செதுக்கின் இடுக்கில் இருக்கும் வண்ணத்தை முழுக்க எடுக்க முனைய வேண்டாம். ஒரு தூணில், உட்புறமாக, உள்ளங்கை அகலத்துக்கு எல்லா அடுக்கையும் அப்படியே விட்டுவையுங்கள். அந்த வீடு எந்தெந்த நிறத்தில் இருந்தது என்பதற்கு வேறு சாட்சி இருக்காது.

வேலை தொடங்கும் முன் ஒவ்வொரு அறையையும் நான்கு மூலையிலிருந்தும் படம் எடுத்து, 1:50 அளவில் வரைபடம் போட்டு, கழற்றும் ஒவ்வொரு மரத்துக்கும் செப்பு வில்லையில் எண் கட்டுங்கள். சுண்ணக்கட்டியால் எழுதிய எண் முதல் மழையிலேயே போய்விடும்.